உப்பில் நிற்கும் பச்சையம்மா

பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு பச்சையம்மா பழவேற்காடு ஏரிக்குள் இறங்குகிறார். இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார். அகப்பட்டது தாடைக்குக் கீழே தொங்கும் பறிக்குள் போகிறது. வாய் அடைபட்டிருப்பதால் நான்கு மணி நேரம் பேச்சில்லை, சோறில்லை, தண்ணீரில்லை. கரையேறியதும் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவார்.

வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை மாத்திரையைத் தவறவிடமாட்டார், தவறுவது கஞ்சிதான். "வயிறு ரொம்பிச்சினா குனிய முடியாது" என்பார்.

போன மாதம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கூட இறால் பிடிக்கும் ருக்கு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை நீட்டினார். பச்சையம்மா தள்ளிவிட்டார். "நாள் பூரா உப்புத் தண்ணில ஊறிக்கினு கீறேன். எனக்கு இன்னாத்துக்கு உப்பு?" அங்கே பலரும் நம்புவதுதான். வசதியான நம்பிக்கை, அதற்கு மேல் அதைப் பாராட்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு இறங்கினார். ஒரு மணி நேரத்தில் வியர்த்தது, கை நடுங்கியது, பறி வாயிலிருந்து நழுவியது.

"மாருக்குள்ள எறா துள்ளுதுமே ருக்கு!"

கணவரை மாரடைப்பில் இழந்தவர். தனக்கும் அதுதான், இனி ஏரி இல்லை என்று முடிவே செய்துவிட்டார். ருக்கு அவரைக் கரைக்கு இழுத்து, டச்சுக் கல்லறை வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றினார்.

மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி.யில் துடிப்பு தாறுமாறாக இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை நாற்பத்தாறு, பொட்டாசியமும் குறைவு. இரண்டையும் ஏற்றினார்கள். மாலையில் கோடுகள் சீராயின. சாப்பிடாமல் போட்ட மாத்திரை சர்க்கரையை இறக்கிவிட்டது, வயிற்றுப்போக்கில் உடம்பின் உப்புகள் போய்விட்டன, இரண்டும் சேர்ந்துதான் இதயத்தின் தாளத்தைக் கெடுத்தன என்றார் மருத்துவர். இதயத்தில் நோய் இல்லை. ஏரியின் உப்பு தோல் வழியே உள்ளே வராது என்பதையும் சொல்லி, மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

"அப்ப நான் ஏரிக்குப் போலாமா?"

"உடம்பு தேறினதும் போங்க. ஆனா தின்னுட்டுப் போங்க."

"இத்த சொல்றதுக்கா மாரு பூரா ஒயரு ஒட்டினீங்க?"

பக்கத்தில் நின்ற ருக்கு அப்போதுதான் சிரித்தார்.

நேற்று கரையில் பார்த்தேன். பச்சையம்மா நின்றபடியே ஒரு சொம்புக் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு ருக்குவின் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். ருக்கு தலையசைக்கும்வரை தண்ணீரில் கால் வைக்கவில்லை.