அத்தை இலைக்கு எதிரே உப்பு ஜாடி

அத்தை சாப்பிட வரும்போதெல்லாம் அந்த வெள்ளைப் பீங்கான் உப்பு ஜாடியை அவள் இலைக்கு எதிரே வைப்பேன். டாக்டர் அவளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் வைக்கிறேன்.

குற்றாலத்தில் அப்பாவுக்கு சிப்ஸ் கடை. ஒரு சீசனில் நாளெல்லாம் சாரலில் நின்று கால் வீங்கியது. சீசன் முடிவதற்குள் ஆள் தள்ளாடினார். என்னையே யாரென்று கேட்டார். தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது என்றார்கள். பிரஷருக்காக அம்மா உப்பைக் குறைத்துச் சமைப்பது அப்பாவின் அக்காவான இந்த அத்தைக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கூடியிருந்த வார்டில் கத்தினாள்: "ஏட்டி, உப்பில்லாமப் போட்டே எந்தம்பியக் கொல்லப் பாக்குதியே, நீ வெளங்குவியா?" அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அப்பாவின் சிறுநீரில் எவ்வளவு உப்பு போகிறதென்று சோதிக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அம்மாவையும் அத்தையையும் என்னையும் அறைக்குள் அழைத்தார். "சாப்பாட்டுல மட்டும் உப்பு கொறஞ்சா, கிட்னி இருக்கிற உப்ப இறுக்கிப் பிடிச்சுக்கும். யூரின்ல கொஞ்சம்தான் வரும். இவருக்கு அதுல நிறையப் போகுது. நீர் பிரியுற மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?"

அத்தை முந்தானையைத் திருகினாள். "எங் கால் வீக்கத்துக்கு வாங்குனது... எனக்குக் கேட்டுது, தம்பிக்கும் கேக்கும்னு தெனம் கடைக்குப் போயிக் குடுத்தேன்." அப்பா பிழைத்தார். பழி வார்டில் விழுந்தது. அது பொய்யென்று தெரிந்தது மூடிய அறைக்குள். அத்தை வெளியே வந்து வாயே திறக்கவில்லை. "விடுட்டி, பெரியவுக" என்றாள் அம்மா. நான் விடவில்லை.

அடுத்த வருடம் சுந்தரபாண்டியபுரத்தில் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் உப்பு வைத்துக்கொண்டு வந்தவள், அம்மாவின் இலையில் ஒரு கை அள்ளிக் கொட்டினாள். "இவ வீட்ல உப்புக்குப் பஞ்சம்லா!" பந்தியே சிரித்தது. நான் எழுந்து சத்தமாகக் கேட்டேன்: "அத்த, அப்பாவுக்குக் குடுத்த மாத்திர மிச்சமிருக்கா? அவுக உப்பெல்லாம் மூத்திரத்துல போச்சுன்னு டாக்டர் சொன்னது மறந்துட்டா?" சிரிப்பு நின்றது. அத்தை உப்புப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குக் குடித்த பாயசம் போல எதுவும் எனக்கு இனித்ததில்லை.

இப்போது அவளுக்கென்று தனியாக உப்புக் குறைத்துச் சமைப்பது அம்மாதான். போன வாரம் அத்தை தலை நிமிராமல் கேட்டாள்: "இந்த ஜாடிய எப்பம்ட்டி எடுப்ப?"

"எல்லார் முன்னாலயும் எங்கம்மாவச் சொன்னீங்கல்லா? எல்லார் முன்னாலயும் அது பொய்னு சொல்லுங்க. அன்னைக்கு எடுக்கேன்."

அத்தை சோற்றைப் பிசைந்தாள். ஜாடியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.