பாலத்தடியில் சட்டையைக் கழற்றியபோது

முதலில் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆண்டவர் செய்ததைச் சொன்னால் உங்களுக்கு அதன் பெறுமதி விளங்காது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் யாழ்ப்பாணம். மனைவி சாந்தி கண்டி நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்தைத் தாண்டி, ஒரு வாடகை வீட்டில் எங்கள் மகளோடு இருந்தோம். ஒருநாள் பத்தாம் ஆண்டு வகுப்பில் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி முதுகுக்குப் போய்த் தோள்பட்டையைப் பிடித்தது. வியர்த்துக் கொட்டியது. எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பிள்ளைகள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எல்லாரையும் போல நானும் காஸ்ட்ரிக் என்றுதான் நினைத்தேன். இஞ்சி குடித்தேன். சீரகத் தண்ணீர் குடித்தேன். ஃபார்மசிக்காரர் தந்த வெள்ளை மருந்தைப் போத்தல் போத்தலாகக் குடித்தேன். சனிக்கிழமை ஆசைக்குக் கொத்துரொட்டி சாப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக முடியாது என்ற நிலை வந்தது. கடைசியில் சாந்தி கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். பையோடு சேர்த்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார் வைத்தியர்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்குக் கத்திக்குப் பயமில்லை. கத்தி விட்டுவிட்டுப் போகும் அடையாளத்துக்குத்தான் பயம்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். என் தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் செல் குண்டு விழுந்து வெடித்துக் காலில் காயம். வீட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. பிறகு அவன் வேலை தேடிக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். சோதனைக்கு வந்தவர்கள் காற்சட்டையை உயர்த்திப் பார்த்தார்கள், அந்தத் தழும்பைக் கண்டார்கள், புலி என்று கொண்டுபோய்விட்டார்கள். மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். வெளியே வந்த தம்பி பழைய தம்பி இல்லை. தமிழனுடைய உடம்பில் காயம் இருந்தால் அதற்குக் கதை சொல்ல வேண்டும். சொல்லும் கதையை நம்புவதற்கு ஆள் வேண்டும். எனக்கு ஒரு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். நான் திரும்பி வராவிட்டால் அவர்களுக்கு யாருமில்லை.

அதனால் நான் பிடிவாதமாக ஒரே ஜெபத்தைச் செய்தேன். "ஆண்டவரே, என்னைச் சுகமாக்கும். ஆனால் என் உடம்பில் அடையாளம் எதையும் விடாதேயும்." கல் தானாகக் கரைந்துபோக வேண்டும் என்றும் கேட்டேன். எந்த வழியாகக் கரைந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்றும் விபரமாகச் சொன்னேன்.

சாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, ஆண்டவருக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குற மாதிரில்ல ஜெபம் பண்றீங்க! கேட்டுட்டு பேசாம இருங்க" என்றாள்.

"ஓம், நீர் சொல்லுவீர். உமக்கென்ன, உம்மை ஆமிக்காரன் மறிக்கிறானா?" என்று எரிந்து விழுந்தேன். அப்போது என் வாயில் வந்ததெல்லாம் அப்படித்தான்.

கல் கரையவில்லை. ஆனால் அடுத்த முறை போனபோது வைத்தியர் ஒரு புதிய முறையைப் பற்றிச் சொன்னார். பெரிதாக வெட்டுவதில்லை. வயிற்றில் நாலு சின்னத் துளைகள் போட்டு, ஒன்றுக்குள்ளால் கமரா விட்டு, டீவியில் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்துவிடுவார்களாம். நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம், தழும்பு தெரியாமலே மறைந்துவிடும் என்றார். "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் சிங்களவர். விளங்காமல் என்னைப் பார்த்தார். என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திலகரத்ன முதலாளி. கலகெதரவில் மிளகு, கராம்பு வாங்கி விற்பவர், ஐம்பதைத் தாண்டிய தாட்டியான மனிதர். கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் வியாபாரிகளோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். அவருக்கும் அதே பித்தப்பை வருத்தம், அதே நாள், அதே வைத்தியர். எனக்கு முன்னால் அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது தண்ணீர் அல்ல, அவருடைய கல்லை. சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் முடிந்து நான் கட்டிலுக்குத் திரும்பியதும் அதைக் குலுக்கிக் காட்டி, "மாஸ்டர், பாருங்க, அசல் மிளகு மாதிரியே இருக்கு. நாள் முழுக்க மிளகு விக்கிற எனக்கு வயித்துக்குள்ளயும் மிளகுதான்" என்றார். சிரித்தால் துளைகள் வலிக்கும். வயிற்றைத் தலையணையால் அமத்திக்கொண்டு சிரித்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விலாவுக்குக் கீழிருந்த பழைய வலி மாயமாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் வலது தோளில் புது வலி ஒன்று பிடித்தது. உள்ளே பார்ப்பதற்கு வசதியாக வயிற்றுக்குள் காற்றை அடித்து ஊதவைப்பார்கள், அந்தக் காற்றின் வேலை அது, தானாகப் போய்விடும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். சாந்திக்கு மனம் கேட்கவில்லை. கறியுப்பை வறுத்துத் துணியில் முடிந்து தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். எங்கள் வீடுகளில் தோள் வலிக்கு வேறென்ன செய்வார்கள்? சுகமாக இருந்தது. வலிக்குளிசை போட்ட மயக்கத்தில் நான் தூங்கிவிட்டேன். அவளும் பொட்டலத்தைத் தோளில் வைத்துவிட்டு மகளைப் பார்க்கப் போய்விட்டாள். விழித்தபோது தோள் சிவந்து கொப்பளித்திருந்தது. பிறகு அது கறுத்த தழும்பாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தேங்காய்ப்பால் விடாத பத்தியக் கறிதான் அப்போது எனக்குப் பெரிய கவலை.

தையல் வெட்டுகிற நாள் வந்தது. "நானும் வரட்டுமா?" என்று சாந்தி கேட்டாள். தேவையில்லை என்று தனியாகப் போனேன். கிளினிக்கில் திலகரத்ன முதலாளியும் இருந்தார். எனக்கு முதலில் முடிந்துவிட்டது. அவருக்கு இன்னும் நேரமாகும் என்றதால் கையசைத்துவிட்டு வந்து பஸ் ஏறினேன்.

பாலத்தடியில் ஆமிக்காரர்கள் சோதனைக்காக எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் அது வழமைதான். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தோம். கையைத் தூக்கச் சொன்னான் ஒரு சிப்பாய். இடது கை போனது. வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சட்டையைக் கழற்றச் சொன்னான்.

நான் கழற்றினேன். அவன் முதலில் என் தோளைத்தான் பார்த்தான். துவக்கைத் தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு வலது தோளில் அடையாளம் இருக்கும் என்று தேடுகிறவர்கள் அவர்கள். பிறகு வயிற்றைப் பார்த்தான். நாலு சின்னப் பிளாஸ்டர். ஒன்றை உரித்தான். புதுக் காயம். மற்றவனைக் கூப்பிட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பித்தப்பை, கல், ஒப்பரேஷன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினேன். டொக்டரின் ஆங்கிலக் கையெழுத்து. அதை அவரே வந்து வாசித்தால்தான் உண்டு. சிப்பாய் தலையை ஆட்டினான். "என் மாமாவுக்கும் பித்தப்பை ஒப்பரேஷன் செய்தார்கள். இவ்வளவு நீளம் வெட்டு" என்று கையை விரித்துக் காட்டினான். "இது செல் துண்டு பட்ட காயம். பொய் சொல்லாதே."

அவன்மேல் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் புது முறையை நானே ஒரு மாதத்துக்கு முன் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடையாளம் வேண்டாம் என்று கேட்ட எனக்கு, ஆமிக்காரன் தேடுகிற இடத்திலெல்லாம் அடையாளம் இருந்தது. ஆண்டவர் என்னைக் கேலி செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், கோபம்தான் வந்தது.

என்னைத் தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருத்தினார்கள். பொலிஸ் ஜீப் வரட்டும் என்றார்கள். நான் வந்த பஸ் போய்விட்டது. வேறு பஸ்கள் வந்தன. ஆட்கள் இறங்கி என்னைத் தாண்டி நடந்தார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பியின் முகம் வந்தது. ஜெபம் செய்யப் பார்த்தேன், வசனம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, சாந்தி சோறு போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

"இஸ்கோல மஹத்தயா!"

பள்ளிக்கூட வாத்தியாரைச் சிங்களத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் திலகரத்ன முதலாளி. அவரை யாரும் சோதிக்கவில்லை, போகலாம் என்று கை காட்டியும்விட்டார்கள். அவர் போகவில்லை. நேரே சிப்பாயிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டு முடிவதற்குள் தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கிவிட்டார். பாலத்தில் போன சனம் முழுக்க நின்று பார்த்தது.

"மல்லி, இங்கே பார்" என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி. அவருடைய பெரிய வயிற்றிலும் நாலு பிளாஸ்டர், அதே நாலு இடத்தில். "எனக்கும் நாலு இருக்கு. அப்ப நானும் புலியா?"

வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிப்பாய் சிரிக்கவில்லை. "அந்தத் தோளில் என்ன?" என்று கேட்டான்.

ஒத்தடத்தைப் பற்றிச் சொன்னேன். முதலாளி தொடையில் தட்டினார். "காற்று தோளுக்கு ஏறும் மல்லி! ஒரு கிழமை உயிர் போகும். என் மனுஷி இலையை வதக்கி எண்ணெய் போட்டுக் கட்டினாள். இன்னும் நாறுது, மோந்து பார்" என்று தோளை அவன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். போதாததற்குப் பையிலிருந்து அந்தக் கல் போத்தலையும் எடுத்துக் குலுக்கினார். அதைக் கலகெதர முழுக்கக் காட்டித் திரிகிறார் போலிருக்கிறது.

உள்ளேயிருந்து அதிகாரி வந்தார். என் வயிற்றைப் பார்த்தார், முதலாளியின் வயிற்றைப் பார்த்தார், இரண்டு ஆஸ்பத்திரி அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அடையாள அட்டையை என்னிடம் திருப்பித் தந்து "போங்க மாஸ்டர்" என்றார்.

எனக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. முதலாளிதான் போட்டுவிட்டார். தன் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். சாந்தியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க உங்க தோளச் சுட்டேன், நான்தாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். முதலாளி அவளிடம், "அழாதீங்க தங்கச்சி, முட்ட மட்டும் குடுக்காதீங்க, வயித்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

நான் இப்போது முழுச் சுகத்தோடு இருக்கிறேன். எதையும் சாப்பிடுகிறேன். ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுத்து ஜெபிக்கிற பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது. சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய், பார்க்க ஆள் வராத நோயாளி யாரோ அவர் பக்கத்தில் இருக்கிறேன். அவர் எந்தப் பாஷை என்று பார்ப்பதில்லை. என்னை முழங்காலில் இருத்திய சிப்பாய்க்காகவும் ஜெபிக்கிறேன். அவன் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தானோ தெரியாது.

சபையில் ஒரு சகோதரர் கேட்டார், "அந்த மனுஷன் புத்த சமயம்தானே, கர்த்தர் அவரை அனுப்பினார் என்று எப்படிச் சொல்கிறீர்?" முதலாளி தன் சட்டையைக் கழற்றினார் என்பதுதான் எனக்குத் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்றைக்கு எங்கேயோ முழங்காலில் இருக்கலாம். ஜெபத்துக்கு வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் யார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பின்னால் வருகிற பஸ்ஸில் யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.