வாடகைக் கம்ப்யூட்டரில் வைத்த எங்கள் பாடு

எண்பதுகளில் ஒரு காலை. பழவேற்காடு கரையில் இறால் வாங்க வந்த கம்பெனி ஏஜென்ட் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்தேன். அது என் ரிப்போர்ட்.

மீனவர் சங்கத்தில் நான் கிளார்க். மெட்ராஸில் மாலை வகுப்பில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்திருந்தேன். ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வதைப் 'பாடு' என்போம். எந்த இடத்தில் எப்போது இறால் விழுகிறது என்று பதிந்து, அந்த முறையை நியாயமாகப் பிரிக்க ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். சங்கத்தில் மிஷின் கிடையாது. மெட்ராஸில் ஒரே கம்ப்யூட்டரைப் பல கம்பெனிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சர்வீஸ் சென்டர்கள் இருந்தன. வாடகை எவ்வளவு, ரிப்போர்ட் என்றைக்கு வரும் என்று மட்டும் கேட்டு, மலிவான ஒன்றைப் பிடித்திருந்தேன்.

ஏஜென்ட் சிரித்தார். "அமாவாசைக்கு முகத்துவாரத்துலதான் உங்களுக்கு இறாலு. இந்த வாட்டி எங்க ஆளுங்களும் வருவாங்க."

பக்கத்தில் நின்ற தலைவர் ஏழுமலை என்னைப் பார்த்தார். "இன்னா பாய் இது? இவனுக்கு எப்டித் தெரியும்?"

பொன்னேரி போய் ரயிலேறி நேரே சென்டருக்குப் போனேன்.

ஆபரேட்டர் நிதானமாகச் சொன்னார். "அந்த இறால் கம்பெனியும் நம்ம கஸ்டமர்தான் சார். எல்லாம் ஒரே டிஸ்க்குலதான் கீது. கேட்டாங்க, ப்ரிண்ட் அடிச்சுக் குடுத்தேன்."

தப்பு செய்துவிட்டோம் என்ற சாயலே அவர் முகத்தில் இல்லை.

திரும்பி வந்து தலைவரிடம், "தப்பு என்னுதுதான்" என்றேன்.

"இந்த வெவரம் எங்க வாயில இருந்த வரைக்கும் வெளிய போவல பாய்" என்றார், அவ்வளவுதான்.

அந்த அமாவாசையில் வெளியூர்ப் படகுகள் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டன. முறை இருந்த நாலு குடும்பம் வெறும் வலையோடு கரையேறியது. மிஷினே வேண்டாம் என்று சங்கத்தில் கத்தினார்கள். ஏழுமலைதான் தடுத்தார். "மொற சரியாத்தான் பிரிஞ்சிது. பாய், நீ சென்டர மாத்து."

அடுத்த சென்டரில், "வேற கம்பெனி ரிப்போர்ட் ஒண்ணு காட்டுங்க, சாம்பிளுக்கு" என்று கேட்டேன். மேனேஜர் ஒரு தோல் கம்பெனியின் ஆர்டர் லிஸ்ட்டையே என் முன்னால் விரித்துவிட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது இடத்தில் ஆபரேட்டர் ஒரு பெண். அதே கேள்விக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மத்தவங்களோடது உங்களுக்கு எதுக்கு? வேலை இருந்தா குடுங்க, இல்லைன்னா கெளம்புங்க."

அங்கேயே ஃபாரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று சர்வரில் இடம் தேடும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். முதலில் அடுத்தவன் ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.