நூற்றைம்பது பார்

ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பும் கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பாரக்கா'. அழுத்தமானியின் முள் ஏற ஏற, அழுத்தத்தின் அலகான பாரில், "நூறு பார், நூத்தி இருபது பார்" என்று கத்துவாள். நூற்றைம்பதில் வால்வை மூடுவாள். புதிய மானி கிலோபாஸ்கல் என்ற வேறு அலகில் வந்தது. அது பதினைந்தாயிரம் என்று காட்டினாலும், நூறால் வகுத்துப் பாரிலேயே கத்தினாள்.

"கிலோபாஸ்கல்னு நீட்டி முழக்குறதுக்குள்ள சிலிண்டரே வெடிச்சிடும்!"

வீட்டுக்கு வந்தாலும் விட்டபாடில்லை. சாப்பிடும்போதும் அடுத்த ஷிப்ட்காரரிடம் போனில், "இப்ப எத்தனை பார்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த கணவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஏம்மா, என்னையும் கொஞ்சம் பார்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எத்தனை பார்?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார்.