ஓரம் விட்டு ஒட்டிய நனோகுழாய்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பசை பூசி ஒட்டுவதற்காக அணுக்களில் ஓரம் விட்ட முதல் மனிதன் நான்தான். திருகோணமலையில் மட்டுமல்ல... உலகத்திலேயே!

மகள் டிலானி பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் செய்கிறாள். பாலையூற்று வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய ஆய்வுகூடம். மடிக்கணினித் திரையில் ஓர் அணுத்தாள் — நடுவில் மொலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். அதைச் சுருட்டினால் நனோகுழாய். பாய் சுருட்டுவதுபோலத்தானே?

"நாலு மணிக்கு என்ர ஆய்வைப் பார்க்கிற கம்பஸ் சேர் வீடியோவில வருவார். மொடல் சரியெண்டால் இந்தக் கிழமையே கம்பஸ் பெரிய கொம்பியூட்டரில எனக்கு இடம். இல்லாட்டி அடுத்த மாசம்தான். ஒண்டையும் தொடாதைங்கோ அப்பா" என்றுவிட்டுக் குளிக்கப் போனாள்.

தொடாமல் இருப்பேனா?

தாளைப் பார்த்தேன். ஒட்டுவதற்கு இடமே விடவில்லை! ஒவ்வொரு நத்தாருக்கும் மாதா கோயிலில் நட்சத்திரக் கூடு கட்டுகிறவன் நான். ஓரம் விடாமல் கடதாசி வெட்டியதுண்டா? பிள்ளைக்கு அனுபவம் போதாது. பக்கத்துக் கதிரையிலிருந்து அவள் செய்வதைப் பார்த்துப் பழகிய தைரியத்தில், முதல் வரிசை அணுக்களை நகலெடுத்துக் கடைசியில் சேர்த்துவிட்டேன். தகப்பனின் சிறு உபகாரம்.

அவள் வந்தாள். சுருட்டினாள். அழகான குழாய்! நான் சேர்த்த வரிசை முதல் வரிசையின் மேலேயே கச்சிதமாகக் குந்திவிட்டதால், கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பிறகு, அணுக்கள் தத்தம் இடத்தில் அடங்கி நிற்கின்றனவா என்று பார்க்கும் கணக்கை ஓடவிட்டாள்...

குழாய் வெடித்தது. கந்தகம் ஒரு பக்கம், மொலிப்டினம் ஒரு பக்கம். நிலாவெளியில் கரைவலை கிழிந்து மீன் சிதறினாற்போல.

மூன்றரை மணி. பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"அப்பா... தொட்டனீங்களோ?"

"சும்மா... ஒரு வரிசை கூட்டிவிட்டனான்."

"ஏன்?"

"ஒட்டுறதுக்கு."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஐயோ அப்பா! இந்த ஓரத்து அணு அந்த ஓரத்து அணுவைத் தானாப் பிடிச்சுக்கொள்ளும். ஒரே இடத்தில ரெண்டு அணு நிக்க ஏலாது. ஒண்டையொண்டு தள்ளி எறிஞ்சுபோடும்."

என் வரிசையை அழித்தாள். மறுபடி சுருட்டினாள். குழாய் சமத்தாக நின்றது. நாலு மணிக்கு வந்த சேர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லது, இந்தக் கிழமையே போடுவம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஆற அமர யோசித்தால், நாம் உதவி என்று சொல்வதில் பாதி இதுதான் — தெரிந்த வேலையைத் தெரியாத இடத்தில் போய்ச் செய்வது. இந்தத் தத்துவத்தைத் தேநீரோடு குசினியில் அவிழ்த்துவிட்டேன்.

மனைவி வெங்காயத்திலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"போன நத்தாருக்கு நீங்கள் ஓரம் விட்டு ஒட்டின நட்சத்திரம் பூசை நடுவில பிரிஞ்சு ஃபாதரின்ர தலையில விழுந்தது. ஒட்டத் தேவையில்லாததுக்குத்தான் இவ்வளவு கவனமோ?"