மச்சினன் வந்தால் ஒரு சத்தம்

மாமியார் திரும்பிப் பார்த்தால் இடி. மருமகள் திரும்பிப் பார்த்தால் வயலின். யாருமே திரும்பாவிட்டால் சூறாவளிக் காற்று. அந்த டி.வி. தொடரில் நடிகர்கள் செய்ததெல்லாம் திரும்பிப் பார்த்ததுதான். மிச்சத்தையெல்லாம் எடிட்டிங் அறையின் மூலையில் ஒருவர் உட்கார்ந்து செய்தார். சத்தக்காரர் என்று அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் இடி இடிக்கிற அந்த மனிதர் சொந்த விஷயத்தில் மூச்சு விடமாட்டார். வீட்டில் இன்னொருவர் இருந்தார், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். பல வருஷமாக இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே சோப்பு, ஃபேன் வேகத்தைப் பற்றி ஒரே சண்டை. கேட்பவர்களிடம் சத்தக்காரர் ‘ரூம்மேட்’ என்பார். தலை நரைத்த பிறகும் ரூம்மேட்.

ஒருநாள் கதைக்குள் ஒரு மச்சினன் வந்து சேர்ந்தான். கதாநாயகனின் மனைவிக்குத் தம்பி. அவன் ஆண்களை விரும்பும் ஆண். அவனுடைய குணம், படிப்பு, தொழில், ஜாதகம் எல்லாமே அந்த ஒன்றுதான். அதையும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் துப்பில்லாதவர்கள் அவனுக்கு ஊதாச் சட்டை மாட்டி, மணிக்கட்டை ஒடித்து, இடுப்பை நெளித்து அனுப்பினார்கள். அந்த மாளிகையில் நாய்க்குக்கூடத் தனி அறை உண்டு. மச்சினன் எங்கே தூங்குகிறான் என்று எழுதியவனுக்கே தெரியாது. ஜூஸ் தட்டோடு வருவான், நெளிவான், சமையலறைப் பக்கமாகப் போய்விடுவான். அவனுக்கு ஒரு காதல் கிடையாது, ஒரு காய்ச்சல்கூடக் கிடையாது. இந்த லட்சணத்தில், ‘சமூகத்தை மாற்றும் துணிச்சலான முயற்சி’ என்று சேனல்காரர்கள் மேடை போட்டு ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள்.

“அண்ணே, இவன் உள்ள வந்தாலே ஜனங்க சிரிக்கணும். ஒரு சத்தம் போட்டு விடுங்க” என்றார் டைரக்டர்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சத்தக்காரர் சொல்லவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்தி, நுனியைச் சுண்டிவிட்டுப் பதிவு செய்தார். டொய்ங்ங். மருந்துக்கடைக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைச் செய்தார். தான் செய்வது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேலை வேறு, வீடு வேறு என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டார். கோழைகளுக்கென்றே யாரோ செய்துவைத்த வாக்கியம் அது.

மச்சினன் வந்தால் டொய்ங், போனால் டொய்ங். தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“கடையில காஷியர் ஒரு சத்தம் போடறான். நான் உள்ள போய் மருந்து எடுத்துட்டு வரும்போதெல்லாம் போடறான். வாங்க வந்தவங்களும் சிரிக்கறாங்க.”

“என்ன சத்தம்?” என்று கேட்டார் சத்தக்காரர். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மருந்துக்கடைக்காரர் வாயாலேயே அதைச் செய்து காட்டினார்.

கல்யாணம் ஆகாதவர், நகத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர், யாரையும் அதட்டாதவர். ஊருக்கு இது போதாதா? மச்சினன் யார் என்று டி.வி. சொல்லிக் கொடுத்துவிட்டது. பக்கத்தில் ஒருவனைத் தேடிப் பிடிப்பதுதானே பாக்கி.

“அது உன் வேலைதானே?” என்றார் மருந்துக்கடைக்காரர். “நம்ம மேஜை சத்தம் எனக்குத் தெரியாதா? வேற ஊர்ல ஒரு கடையில ஆள் கேக்கறாங்க. போயிடலாம்னு இருக்கேன்.”

“நாம போலாம்னு சொல்றியா?”

“நான் போறேன்னு சொல்றேன்.”

அன்றைக்குப் பயந்த மாதிரி சத்தக்காரர் வாழ்க்கையில் பயந்ததில்லை. மறுநாள் போய் முதல் வேலையாக டொய்ங்கைத் தூக்கினார். மச்சினன் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் ஜூஸைக் கொடுத்துவிட்டுப் போனான். டைரக்டர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, சத்தத்தக் காணோம்?”

“எடுத்துட்டேன். இனிமே போட மாட்டேன்.”

“சத்தம் இல்லேன்னா இவன் வந்து என்னதான் பண்றான்?”

இத்தனை காலத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். கேட்டவருக்கே அது உறைக்கவில்லை. அடுத்த வாரம், “தம்பி வெளிநாடு போயிட்டான்” என்று அக்கா ஒரு வரி சொன்னாள். அத்தோடு கணக்கு முடிந்தது. பூச்சாடி உடைந்தால் ஒரு வாரம் அழுகிற குடும்பம் அது. கூடப்பிறந்தவன் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வயலின்கூடக் கேட்கவில்லை.

சத்தக்காரர் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். மருந்துக்கடைக்காரர் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“டி.வி.ல போச்சு, சரி. கடையில போகலையே” என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாள் சத்தக்காரர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அந்த மருந்துக்கடைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் தெருமுனையில் நின்று காத்திருந்ததோடு சரி, உள்ளே கால் வைத்ததில்லை. கடையில் நல்ல கூட்டம். உள் அலமாரியிலிருந்து மாத்திரை அட்டைகளோடு மருந்துக்கடைக்காரர் வந்தார். கல்லாவில் இருந்தவன் நாக்கைச் சுழற்றி அந்தச் சத்தத்தைப் போட்டான். கூட்டத்தில் இரண்டு பேர் இளித்தார்கள்.

“அந்தச் சத்தத்தப் பண்ணவன் நான்தான்” என்றார் சத்தக்காரர். “கேவலமான வேலை. ஆனா எனக்காவது அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. நீங்க எதுக்குச் சும்மா பண்றீங்க?”

காஷியர் முகத்தில் ஈயாடவில்லை. மருந்துக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து, “யாருங்க இவரு?” என்றான்.

சத்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரூம்மேட் என்ற வார்த்தைக்குக் காத்திருந்தார். அதைக் கேட்கும் தகுதிதான் தனக்கு இருக்கிறது என்று நினைத்தார்.

மருந்துக்கடைக்காரர் அட்டைகளை மேஜைமேல் வைத்தார்.

“என் வீட்டுக்காரர்.”

“ஓ, ஹவுஸ் ஓனரா?” என்றான் காஷியர், தப்பித்தோம் என்கிற நிம்மதியோடு.

வீட்டுப் பத்திரம் சத்தக்காரர் பெயரில்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் பொய்கூட இல்லை.

“ஓனர் இல்ல” என்றார் மருந்துக்கடைக்காரர், கடை முழுக்கக் கேட்கும்படி. “வீட்டுக்காரர்.”