கொள்ளிடக் கரையில் ஒரு சொற்பொழிவு

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால், கரைக்குக் கீழே இருக்கும் தெருவுக்கு முன்கூட்டியே சொல்ல ஸ்ரீரங்கத்தில் எங்கள் பகுதி ஆட்கள் குழு ஒன்று வைத்திருக்கிறோம். நாலு புத்தகம் படித்தவன் என்று நம்பி, மைக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

போன ஆடியில் ஒருநாள் காலை, முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மதியத்துக்குள் தெரு காலியாக வேண்டும். ஆட்டோவில் ஏறி, "பேரன்புமிக்க பெருமக்களே! பொங்கிப் பெருகி வரும் பொன்னி நதியாள்..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு கதவும் திறக்கவில்லை. சரோஜா அக்கா மட்டும் ஜன்னல் வழியாக, "எந்தக் கட்சிங்க? எலெக்‌ஷன்தான் முடிஞ்சு போச்சே!" என்றார்.

பொன்னியை அங்கேயே விட்டுவிட்டேன். "அக்கா, வெள்ளம் வருது! உங்க மாடு ரெண்டும் ஆத்துக்குள்ள மேயுது!" என்று கத்தினேன்.

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" அக்கா ஆற்றைப் பார்த்து ஓடினார். ஓடும்போதே, "ஏ மல்லிகா, மாமியாரைக் கிளப்பு, தண்ணி வருது!" என்றார். மல்லிகா பக்கத்து வீட்டு பாஷா பாயைக் கூப்பிட்டாள். அவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தன் பேரைக் கேட்டதும் ஒவ்வொரு வீடும் வெளியே வந்தது. சேதி என் ஆட்டோவை முந்திக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டது.

தண்ணீர் வீடுகளுக்குள் நுழைந்தபோது உள்ளே ஒரு கோழிகூட இல்லை. கரைமேல் மாடுகளோடு நின்றபடி தெருவே என்னைப் பாராட்டி விசிலடித்தது.

என் பேச்சைக் கேட்டு ஜனங்கள் எழுந்து ஓடியது அதற்கு முன்பும் உண்டு. அதற்காக நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.